ஆறடிக்கு ஓர் அங்குலம்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகப் பதுளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே, குளிர்காற்றுக்கு அஞ்சிப் பிரயாணிகள் பஸ்ஸின் ஜன்னல்களை மூடத் தொடங்கும் இடத்தில் அமைந்திருக்கிறது ஹல்துமுல்லை. வடக்கே அப்புத்தளைத் தொடர் மதில்போல் எழுந்து நிற்கும். தெற்கே தேயிலைச் சரிவுகள் காலடியிலிருந்து இறங்கிச் சென்று, பரந்த சமவெளியிலே மறையும். வானம் தெளிந்த காலைகளில் உடவளவை நீர்த்தேக்கம் வெள்ளித் தகடுபோல் மின்னுவதைக் காணலாம். மழைக்காலத்திலோ மேகங்கள் நமக்குக் கீழே ஊர்ந்து செல்லும். மேகத்தை மேலிருந்து நோக்கும் பேறு ஆகாய விமானத்தில் செல்வோருக்கே உரியது என்பர். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பள்ளிக்கூட வாசலிலேயே கிடைத்துவிடுகிறது. ஆயினும், விமானம் ஒன்றைக் கையால் தொட்டுப் பார்த்த பிள்ளைகள் இங்கே மிகச் சிலரே.

சென்ற விடுமுறையில் மாணவர் எண்மரை அழைத்துக்கொண்டு இரத்மலானையிலுள்ள விமானப்படை நூதனசாலைக்குச் சென்று வந்தேன். பழைய விமானங்களைப் பேணிக் காக்கும் பிரிவாக 1993இல் தொடங்கிய அது, 2009 நவம்பரில் நூதனசாலையாகப் புதுப்பொலிவுடன் திறக்கப்பட்டது. 1951 மார்ச் 2ஆம் திகதி நிறுவப்பட்ட விமானப்படையின் ஆரம்பகாலப் பயிற்சி விமானமாகிய சிப்மங்க் முதல், ஜெட் விமானங்கள், ஹெலிகொப்டர்கள் வரை அங்கே அணிவகுத்து நிற்கின்றன. சிறகுகளின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்த மாணவர்கள், திரும்பும் வழியில் வழக்கத்துக்கு மாறாக மௌனமாக இருந்தனர். அவிசாவளையைத் தாண்டிய பின்னர் ஒருவன் மெல்லக் கேட்டான்: “சேர், எங்கள் தம்பி தங்கைகள் இதையெல்லாம் எப்போது பார்ப்பார்கள்?”

அக்கேள்வியின் பாரம் தோட்டத்தை அறிந்தவர்களுக்கு விளங்கும். பிள்ளையைக் கொழும்புக்கு அழைத்துச் செல்வதென்றால் தாய்க்கு ஒரு நாட் பேர் போய்விடும். பஸ் கட்டணம் வேறு. எல்லோரும் அங்கே போக முடியாதென்றால், நூதனசாலையை இங்கே கொண்டுவருவது ஒன்றே வழி. இவ்வாறு பஸ்ஸிலேயே பிறந்ததுதான் எங்கள் மாதிரிக் காட்சித் திட்டம்.

இத்தகைய வேலையில் முதலில் தீர்மானிக்க வேண்டியது அளவு. விமானச் சிற்றுருக்களுக்கு உலகெங்கும் பெருவழக்கிலுள்ள அளவுகளில் ஒன்று, எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்பதாகும். ஆறடி என்பது எழுபத்திரண்டு அங்குலம் அன்றோ? ஆகவே ஆறடிக்கு ஓர் அங்குலம் என்று கொண்டால் கணக்கு முடிந்தது. 1942இல், உலக யுத்தத்தின் நடுவே, பகைவர் விமானத்தையும் நட்பு விமானத்தையும் பிரித்தறியும் பயிற்சிக்காக அமெரிக்கக் கடற்படை இதே அளவில் ஐந்து இலட்சம் சிற்றுருக்களைச் செய்து தரும்படி அந்நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணவரைக் கேட்டது. பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு இவ்வேலை புதிதன்று என்பதை இதனால் அறியலாம்.

எங்கள் மாணவர்கள் சென்டிமீட்டரில் பயின்றவர்கள். அங்குலம் அவர்களுக்குத் தச்சுப் பட்டறையின் மொழி. அளவு மனத்திற் பதியவில்லை. அப்போது ஒருவன் தன் லயன் அறையை அளந்து வந்தான். பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலம். அதை இரண்டு அங்குல நீளமும் ஒன்றே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்ட கடதாசித் துண்டாக வெட்டி மேசைமேல் வைத்தான். டக்கோட்டா விமானத்தின் சிறகு விரிவு 95 அடி. சிற்றுருவில் ஏறக்குறைய பதினாறு அங்குலம். கடதாசி அறைகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தோம். ஒரு சிறகு நுனியிலிருந்து மறு நுனிவரை எட்டு அறைகள்! “ஒரு லயத்தையே மூடிவிடுமே!” என்றான் அவன். அன்றைக்குப் பிறகு எவருக்கும் அளவைப் பற்றிச் சந்தேகம் எழவில்லை.

நான்கடிக்கு மூன்றடிப் பலகை ஒன்று கிடைத்தது. அது 288 அடிக்கு 216 அடி நிலமாகும். நூதனசாலை முழுவதும் அதில் அடங்காது. எனவே அங்கே கண்டவற்றுள் சிலவற்றையும், இரத்மலானையின் சரித்திரத்துக்கு உரிய வேறு சிலவற்றையும் சேர்த்து ஏழு விமானங்களைத் தெரிவு செய்தோம். முதலாவது, 1935 நவம்பர் 27ஆம் திகதி அந்நிலத்தில் முதன்முதல் வந்திறங்கிய புஸ் மொத் என்னும் சிறு விமானம். அதை ஓட்டி வந்தவர் சென்னை விமானக் கழகத்தின் தலைமைப் பயிற்சியாசிரியர் என்பது தமிழர் அறிந்து மகிழத்தக்க செய்தி. இரண்டாவது, 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பைத் தாக்கிய ஜப்பானிய விமானங்களை எதிர்த்து அங்கிருந்து எழுந்த ஹரிக்கேன். மூன்றாவது, 1947 டிசம்பர் 10ஆம் திகதி யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குப் பறந்து எயார் சிலோன் சேவையைத் தொடக்கி வைத்த டக்கோட்டா. அதன் பெயர் ‘சீதா தேவி’. அதற்கடுத்துச் சிப்மங்க், பின்னர், 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது களஞ்சியத்திலிருந்து மீண்டும் வெளியே எடுக்கப்பட்ட ஜெட் புரொவோஸ்ட், அதே ஆண்டில் சோவியத் நாட்டிலிருந்து வந்த மிக்-17. ஏழாவது, 1993இல் ஆர்ஜென்டீனாவிலிருந்து வந்த புக்காரா.

பொருள்களுக்குக் குறைவில்லை. உடல்களைச் செதுக்க, இலேசான அல்பீசியா மரம் தோட்டத்திலேயே உண்டு. கொட்டகையின் சுவருக்கு, பழைய வீடுகளின் பரணிற் கிடக்கும் தேயிலைப் பெட்டிப் பலகை. ஓடுபாதைக்கு, தச்சர் மரம் தேய்க்கும் கரிய தாள். புல்தரைக்கு, பச்சைச் சாயம் தோய்த்த மரத்தூள். பார்ப்போர் உள்ளே நோக்க வசதியாகக் கொட்டகையின் முன்புறம் திறந்திருக்கும். மனிதர் ஓர் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. பாதித் தீக்குச்சியில் ஓர் ஆளைச் செய்துவிடலாம்.

எல்லாம் இனிதே நடந்து வருகையில், புக்காராவை எங்கே நிறுத்துவது என்ற விஷயத்தில் வாக்குவாதம் மூண்டது. அதை நடுவில் வைத்து, சிறகின் கீழ்க் குண்டுகளைத் தொங்கவிட வேண்டும் என்றனர் பையன்கள் சிலர். அதுவரை சிறகுகளுக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி தூரிகையைக் கீழே வைத்தாள். அவளுடைய தாயின் குடும்பம் 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் மலைநாட்டை விட்டு வன்னிக்குச் சென்று குடியேறியது. யுத்த காலத்தில் தாய் அங்கேயே வளர்ந்தவர். “இப்போதும் விமானச் சத்தம் கேட்டால் அம்மா கையிலுள்ள வேலையை விட்டுவிட்டு நிற்பார். எது போகிறது என்று பார்க்கக்கூட வெளியே வரமாட்டார்” என்றாள் அவள். பட்டறை அமைதியாயிற்று.

அதை அடியோடு நீக்கிவிடலாம் என்றான் ஒருவன். நான் உடன்படவில்லை. நூதனசாலை என்பது நமக்கு உவப்பானவற்றை மட்டும் அடுக்கி வைக்கும் அலுமாரி அன்று. அதே சமயம், இயந்திரத்தை மட்டும் காட்டி மனிதரை மறைப்பதும் சரித்திரம் ஆகாது. இறுதியில் அவர்களே ஒரு முடிவுக்கு வந்தனர். புக்காரா குண்டுகளின்றி, சக்கரங்கள் தரையில் ஊன்ற, கொட்டகையின் ஓரத்தில் நிற்கும். அதன் முன்னே ஒரு தாயும் பிள்ளையும் நிற்பர். அருகிலுள்ள அட்டையில் ஆண்டும் நாடும் எழுதப்படும். அவற்றுக்குக் கீழே, ‘இதன் ஒலி கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய பிள்ளைகள் இந்நாட்டில் இருந்தனர்’ என்ற ஒரு வாக்கியமும் இருக்கும். ஹரிக்கேனின் அட்டையிலும் அன்று கொழும்பில் மாண்ட மக்களைப் பற்றி ஒரு வாக்கியம் வேண்டும் என்று பின்னர் அவர்களே சேர்த்துக்கொண்டனர்.

சென்ற வாரம் அத்தாயார் மகளை அழைத்துச் செல்ல வந்தவர், தயங்கித் தயங்கிப் பட்டறைக்குள் நுழைந்தார். பலகையை நெடுநேரம் பார்த்தார். தாயின் சேலைக்குள் முகம் புதைத்தபடி ஒட்டப்பட்டிருந்த அந்தத் தீக்குச்சிப் பிள்ளையைச் சுட்டிக்காட்டி, “சேர், பிள்ளையை விமானத்தின் பக்கம் திருப்பி வையுங்கள். அது நின்றுவிட்டதுதானே? பார்க்கட்டும்” என்றார்.

பசை காய்ந்துவிட்டபடியால் அந்தப் பிள்ளையைப் புதிதாகவே செய்ய வேண்டியதாயிற்று. டக்கோட்டாவின் இடச் சிறகும், கொட்டகையின் கூரையும் இன்னும் எஞ்சியுள்ளன. அடுத்த தவணை தொடங்குவதற்குள் அவையும் முடிந்துவிடும். தோட்டத்துச் சிறுவர்கள் எட்டிப் பார்க்க வசதியாக, மேசையின் கால்களை மட்டும் அரையடி குறைக்கும்படி தச்சரிடம் சொல்லியிருக்கிறேன்.