சுமக்கும் சங்கிலி

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில் திருவெறும்பூரைத் தாண்டினால், இரும்பு வெட்டும் ஓசை காதில் விழத் தொடங்கும். 1960களில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை இங்கு எழுந்தபின், அதற்கு உறுப்புகள் செய்து தரும் சிறு ஆலைகள் பல சுற்றிலும் தோன்றின. நமது பங்கின் குடும்பங்கள் பலவற்றுக்கு அவையே சோறிடுகின்றன. ஞாயிறு திருப்பலியில் நற்கருணைக்காக நீளும் கைகளில், எவ்வளவு தேய்த்தும் போகாத கிரீஸ் கறையைக் கண்டிருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், மே முதல் நாள், தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவன்று, அத்தகைய ஆலை ஒன்றில் புதிதாக நிறுவிய இயந்திரத்தை மந்திரிக்க நம்மை அழைத்தனர். தடித்த இரும்புத் தகடுகளைத் தீச்சுடரால் வெட்டும் இயந்திரம் அது. இரு தண்டவாளங்களின் மேல் பாலம்போல் நின்று, கணினி காட்டும் வழியே 30 மீட்டர் தூரம் தானே ஓடும். தீர்த்தம் தெளித்து முடித்தபின் ஓர் ஐயம் நமக்கு எழுந்தது. ஓடிக்கொண்டே இருக்கும் பாலத்துக்கு மின்சாரமும் ஆக்சிஜனும் அசிட்டிலீனும் எவ்வாறு போய்ச் சேருகின்றன? தரையில் கிடத்தினால் சக்கரத்தில் நசுங்காதா, தீப்பொறியில் கருகாதா?

ஆலையின் மின்பணியாளர் நம் பாடகர் குழுவில் பாடும் இளைஞர். அவரே ஆர்வத்தோடு விளக்கினார். கிரேன்களில் திரைச்சீலைபோல மேலே மடிப்பு மடிப்பாகக் கேபிளைத் தொங்கவிடுவது உண்டு. உருளையில் சுற்றி விடுவதும் உண்டு. இங்கே இருந்தது மூன்றாவது வழி. மரவட்டையின் உடல்போலக் கண்ணி கண்ணியாகக் கோத்த ஒரு சங்கிலி. அதன் வயிற்றுக்குள் கேபிள்களும், ஆக்சிஜனுக்கு நீல ஹோஸும், அசிட்டிலீனுக்குச் சிவப்பு ஹோஸும் செல்கின்றன. 'டிராக் செயின்' என்பது தொழிலாளர் வழங்கும் பெயர். 1953-ஆம் ஆண்டு ஜெர்மனியில் கில்பர்ட் வானிங்கர் என்பவர் இரும்பில் இத்தகைய சங்கிலியை உருவாக்கினாராம். இன்று நெகிழியாலும் செய்கின்றனர்.

சங்கிலியின் ஒரு முனை தண்டவாளத்தின் நடுவே தரையோடு பிணைந்திருந்தது. மறுமுனையைப் பாலம் இழுத்துச் செல்கிறது. நடுவே பிணைத்திருப்பதால், 30 மீட்டர் ஓட்டத்துக்கு அதில் பாதி நீளமும் வளைவுக்கு வேண்டியதும் இருந்தால் போதும். இத்தனை நீண்ட ஓட்டத்தில் சங்கிலியின் மேற்பகுதி தன் எடையைத் தானே தாங்க இயலாது. அது தொய்ந்து கீழ்ப்பகுதியின் முதுகில் படிந்து, ஓர் இரும்புக் காடிக்குள் வழுக்கிக்கொண்டே போகிறது.

இளைஞர் ஒரு கண்ணியின் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே கேபிள்களும் ஹோஸ்களும் ஒரே கட்டாகச் சேர்ந்து, அடிக்கு ஒரு பிளாஸ்டிக் டையால் இறுகியிருந்தன. "பாத்தீங்களா சாமி, ஒரு ஒயர்கூட அசையாது!" என்றார். பீடத்துணியின் மடிப்பைப்போல் ஒழுங்காக இருக்கிறது என்று அவர் தோளில் தட்டிப் பாராட்டினோம். குருமட நாள் முதல் நேர்த்தியை நேசித்துப் பழகியவர்கள் நாம்.

நவம்பர் மாதம் ஒரு மாலை, அந்த இயந்திரத்தை இயக்கும் பணியாளர் நம்மைத் தேடி வந்தார். நம் வயதினர், திருப்பலியில் எப்போதும் முதல் வரிசையில் நிற்பவர். "மெஷின் பாதியில நின்னுடுது சாமி. இருபத்திரண்டு மீட்டர் கிட்ட வந்தாத்தான் நிக்குது. சொன்னா யாரும் நம்பமாட்டேங்கறாங்க" என்றார். வெட்டுப் பாதியில் நின்றதால் தகடுகள் வீணாயின. மூன்று முறை மீட்டர் வைத்துப் பார்த்தும் கேபிளில் குறை தெரியவில்லை. இவர் கண்ணயர்ந்து பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும் என்று மெமோ கொடுத்துவிட்டனர்.

நாம் அவருக்குச் சொன்ன ஆறுதல் இது: "பொறுமையா இருங்க. மூணு தடவை பார்த்திருக்காங்களே. ஒருவேளை உங்க கையே தவறியிருக்கலாம்; யோசிச்சுப் பாருங்க." அவர் சற்று நேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, "சரிங்க சாமி" என்று எழுந்து போனார். மறுவாரம் அவரைப் பணியிடை நீக்கம் செய்தனர். முதல் வரிசையில் அவர் இடம் காலியாயிற்று.

திருவருகைக் காலத்தில் ஓர் இரவு அந்த இளைஞர் வந்தார். ஒப்புரவு அருட்சாதனத்தில் அன்று. அலுவல் அறையில், நாற்காலியின் நுனியில் அமர்ந்து பேசினார். ஆகவே அவருடைய இசைவோடு இதை எழுத முடிகிறது. வேறொருவர் இயக்கியபோதும் இயந்திரம் அதே இடத்தில் நின்றிருக்கிறது. இவர் சங்கிலியைப் பிரித்துக் கட்டை அறுத்துப் பார்த்திருக்கிறார்.

நடந்தது இதுதான். கேபிள் வளையும்போது அதன் வெளிப்புறம் நீள விரும்புகிறது; உட்புறம் சுருங்க விரும்புகிறது. அழுத்தம் ஏறும்போதும் இறங்கும்போதும் ஹோஸின் நீளமும் சற்றே மாறுகிறது. ஒவ்வொன்றும் தன் அறைக்குள் தனியே கிடந்தால் வேண்டியபடி நகர்ந்துகொள்ளும். அதற்காகத்தான் கேபிளைச் சுற்றி அதன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கும், ஹோஸைச் சுற்றி ஐந்தில் ஒரு பங்கும் இடம் விட வேண்டும் என்பது விதி. சுருளிலிருந்து எடுக்கும்போதே முறுக்கு ஏறாமல் உருட்டி எடுக்க வேண்டும். இறுகப் பிடிக்க வேண்டிய இடம் இரு முனைகள் மட்டுமே. நடுவில் கட்டிவிட்டால் ஒன்றை ஒன்று இழுக்கும். ஒவ்வொரு ஓட்டத்திலும் வளைந்து நிமிர்ந்து செம்புக்கம்பி இறுகும். ஒரு நாள் உறைக்குள்ளேயே முறியும். மேலுறையில் கீறல்கூட இராது. நிற்கும்போது முறிந்த முனைகள் தொட்டுக்கொண்டிருப்பதால் மீட்டர் நலம் என்றே சொல்லும். வளைவு அந்த இடத்துக்கு வரும்போதுதான் முனைகள் விலகும், இயந்திரம் நிற்கும். ஆக்சிஜன் ஹோஸும் டையின் விளிம்பில் உரசி மெலிந்திருந்தது. இன்னும் சில வாரம் சென்றிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று சொல்லும்போது அவர் குரல் நடுங்கிற்று.

"அந்தக் கட்டு நான் போட்டதுதான் சாமி. சொன்னா வேலை போயிடுமா?"

வீட்டில் விதவைத் தாயும் படிக்கும் தங்கையும் உண்டு. போகாது என்று உறுதி சொல்ல நம்மால் இயலவில்லை. "தெரியல தம்பி. ஆனா ஒருத்தர் செய்யாத தப்புக்காக வீட்ல உக்காந்திருக்காரே" என்றோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். மறுநாள் காலை முறிந்த கேபிளைக் கையில் எடுத்துக்கொண்டு மேலாளரிடம் தனியே சென்றார். மூன்று நாள் ஊதியம் போயிற்று, வேலை போகவில்லை. இயக்குபவரின் பணிநீக்க ஆணையைத் திரும்பப் பெற்றனர். அந்நாள்களின் ஊதியம் அவர் கைக்கு வர மேலும் இரு மாதங்கள் ஆயின.

ஆனால் அந்தக் கட்டைப் பாராட்டியவர்களும், மீட்டரின் பக்கம் நின்றவர்களும் நாமே. இளைஞர் தம் பங்கைச் செய்துவிட்டார். நமது பங்கு எஞ்சியிருந்தது. அன்று மாலை இயக்குபவரின் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். மன்னிப்புக் கேட்கும் சொற்களைப் பிறருக்கு எத்தனையோ முறை கற்றுக்கொடுத்திருக்கிறோம். நமக்கென்று சொல்ல வேண்டியபோது அவை எளிதில் வரவில்லை. "உங்களை நம்பாமப் பேசிட்டோம், மன்னிச்சிருங்க" என்று முடித்தோம்.

அவர் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. "மீட்டர் வச்சவங்க யாரும் மெஷினை ஓட்டிப் பார்க்கல சாமி. அவ்வளவுதான். ஓட்டறப்ப பக்கத்துல நின்னிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார்.

அதன்பின் ஒரு பழக்கம் நம்மிடம் வந்திருக்கிறது. வேலையிடத்துத் துயரோடு எவரேனும் வந்தால், முடிந்தவரை அவர் வேலை செய்யும் இடத்துக்கே சென்று, அவர் அருகே சற்று நேரம் நிற்கிறோம். அறிவுரையைப் பிறகு வைத்துக்கொள்கிறோம்.

பொங்கல் கழிந்து ஆலைக்கு ஒருமுறை போனபோது இளைஞர் சங்கிலியைத் திறந்து காட்டினார். தடுப்புகளுக்கு இடையே நீலமும் சிவப்பும் கறுப்புமாக ஒவ்வொன்றும் தன் அறையில் தளர்வாகக் கிடந்தன. பழைய கண்ணோடு பார்த்தால் அது ஒழுங்கின்மையாகவே தோன்றும். பாலம் நகர்ந்தது, சங்கிலி மெல்லப் புரண்டு தொடர்ந்தது. 22 மீட்டர் குறியைத் தாண்டும்போது இயக்குபவர் நம் பக்கம் திரும்பி ஒரு கையை உயர்த்திவிட்டு, மீண்டும் வேலையில் கண்ணைப் பதித்தார்.