மரமா, வலையா?

எங்கள் வம்சாவளியைப் பேரன் கணினியில் வரைந்தான். நான் மணந்தது அக்கா மகளை. அதனால் என் பெற்றோரிடமிருந்து பிரிந்த இரண்டு கோடுகள் எங்கள் பிள்ளைகளிடம் மறுபடி கூடிவிட்டன. "தாத்தா, மரத்துல இப்படி வராது. ஒரு கோட்டை எடுத்துடலாமா?" என்றான். எதை எடுப்பது? அக்கா போய் வெகுநாளாகிவிட்டது. அவள் கோட்டில் கைவைக்க மனம் வரவில்லை. அப்படியே விடச் சொன்னேன்.

உயிரினங்களின் வம்சாவளி வரைபவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. நம் பூவன் வாழை, மூசா அக்குமினாட்டா, மூசா பால்பிசியானா என்ற இரு காட்டு வாழைகளின் கலப்பு. அதன் மூன்று குரோமோசோம் தொகுதிகளில் இரண்டு முன்னதன் வழி, ஒன்று பின்னதன் வழி. மொந்தனில் இது தலைகீழ். (பஜ்ஜிக்கு மொந்தன்தான், அது வேறு கதை.) அக்குமினாட்டா வழி வந்த மரபணுவை வைத்து மரம் வரைந்தால் பூவன் ஒரு கிளையில் உட்காரும், மற்றதை வைத்தால் வேறு கிளையில்.

பிரயன்ட், மோல்டன் இருவரும் 2004-இல் விவரித்த 'நெய்பர்-நெட்' முறை இங்கே ஒரு கோட்டைத் தள்ளிவிடுவதில்லை. எந்த இரண்டுக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு என்று எண்ணாக எடுத்துக்கொள்கிறது. சான்றுகள் முரண்படும் இடத்தில் ஒற்றைக் கோட்டுக்குப் பதிலாகக் கட்டங்கள் கொண்ட வலையை வரைகிறது. கட்டம் தெரிந்தாலே கலப்பு என்று முடிவுகட்ட முடியாது. தரவிலுள்ள பிசகாகவும் இருக்கலாம். எதுவென்று வாழையை அறிந்தவர்தான் உட்கார்ந்து பார்க்கவேண்டும்.