பாஸ்போர்ட் இல்லாமல் ஒரு 'ஃபாரின்' ரைடு... காரைக்கால் எல்லையில் ஒரு நாள்!

நாகூர் தர்காவில் இருந்து ஸ்கூட்டரைக் கிளப்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினேன். சில நிமிடங்களில் வாஞ்சூர். சாலையோரம் மதுக்கடைகள் வரிசை கட்டின. எதிரே வந்த வண்டிகளில் டி.என்.51 குறைந்து, பி.ஒய்.02 கூடியது. ஒரு டீக்கடையில் நிறுத்தி, "அண்ணே, பார்டர் எங்க இருக்கு?" என்று கேட்டேன். "அதைத் தாண்டித்தானே தம்பி வந்திருக்கீங்க!" என்று சிரித்தார் கடைக்காரர்.

அவ்வளவுதான் காரைக்கால் எல்லை. ஒரு டீ ஆறுவதற்குள் தாண்டிவிடலாம். ஆனால், 75 வருடங்களுக்கு முன் இதே இடத்தில் தாண்டியிருந்தால், நான் போயிருப்பது வெளிநாட்டுக்கு!

1739-ல் தஞ்சை மராட்டிய மன்னரிடம் இருந்து பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போன ஊர் இது. நாலாபுறமும் வெள்ளைக்காரன் ராஜ்ஜியம், நடுவில் பிரெஞ்சுக் கொடி. 1947-ல் சுற்றிலும் சுதந்திரம் வந்தபோதும் இங்கே அதே கொடிதான். 1949-ல் இரு தரப்புக்கும் இடையில் இருந்த சுங்க ஒப்பந்தம் முடிவுக்கு வர, சாலைகளில் சோதனை கடுமையானது. பிறகு பெர்மிட் கெடுபிடியும் சேர்ந்துகொண்டது.

யோசித்துப் பாருங்கள்... பெண் கொடுத்தது நாகூரில், பெண் எடுத்தது திருமலைராயன்பட்டினத்தில். சம்பந்தி வீட்டுக்குப் போகக் கையில் காகிதம் வேண்டும்!

1954 அக்டோபர் 18-ல் புதுச்சேரி அருகே கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் ஆதரவு. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. ஆனால், காகிதத்தில் பிரான்ஸ் விட்டுக்கொடுத்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. சில ஆயிரம் பேர் எடுத்துக்கொண்டார்கள். பிரான்ஸ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் குடும்பங்களைக் காரைக்காலில் இன்றும் பார்க்கலாம்.

எல்லை அத்தோடு அழிந்துவிட்டதா? 2020-ல் கொரோனா வந்ததும் திரும்ப முளைத்தது. சாலையில் தடுப்புகள், கையில் இ-பாஸ். காரைக்கால்காரர் தன் சொந்தத் தலைநகரான புதுச்சேரிக்குப் போக வேண்டும் என்றாலும், நடுவில் 100 கிலோமீட்டருக்கும் மேல் தமிழ்நாட்டைக் கடந்தாக வேண்டுமே!

இன்று சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று போதும். டிஜிலாக்கரில் இருந்தாலும் செல்லும். வாடகை வண்டி என்றால் பெர்மிட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, கையில் பில் இருக்கிறதே என்று பாட்டிலோடு திரும்பாதீர்கள். அனுமதி இல்லாமல் வெளிமாநில மதுவைக் கொண்டுவருவது தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம். வழக்கோடு வண்டியும் போகலாம்.

காரைக்கால் அம்மையார் கோயிலைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் அரசலாற்றங்கரையோரமாகக் கடற்கரைக்குப் போனேன். மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் நெருக்கியடித்து நின்றன. அங்கே நின்றபோதுதான் உறைத்தது. காரைக்காலின் வெளிநாட்டு எல்லை காணாமல் போகவில்லை. தரையில் இருந்து இறங்கிக் கடலுக்குப் போயிருக்கிறது.

1974, 1976 ஒப்பந்தங்களில் இந்தியாவும் இலங்கையும் வரைந்த கோடு அது. தண்ணீரில் அந்தக் கோட்டுக்கு வாஞ்சூர் மாதிரி செக்போஸ்ட்டும் கிடையாது, போர்டும் கிடையாது. மீன் தேடிப் போகிற படகு தெரிந்தோ தெரியாமலோ தாண்டினால் கைது, சிறை, படகு பறிமுதல். சில சமயம் அதைவிட மோசம். 2025 ஜனவரி 28 அதிகாலை, நெடுந்தீவு அருகே 13 பேரோடு இருந்த காரைக்கால் படகு மீது இலங்கைக் கடற்படை சுட்டதில் இரண்டு பேர் படுகாயம் அடைந்தார்கள். இலங்கையின் பொறுப்புத் தூதரை டெல்லி நேரில் அழைத்துக் கண்டித்தது.

அந்தப் பக்கம், நம் இழுவலைகளால் வலையும் பிழைப்பும் இழப்பதாகக் குமுறும் யாழ்ப்பாண மீனவர்களும் தமிழ் பேசுகிறவர்கள்தான். அதனால் இந்தக் கணக்கு அத்தனை சுலபமும் இல்லை.

இருட்டுவதற்குள் பூவம் வழியாக நண்டலாற்றைத் தாண்டினேன். மறுபடி தமிழ்நாடு, தரங்கம்பாடி. யாரும் நிறுத்தவில்லை, எதுவும் கேட்கவில்லை. ஒரே நாளில் இரண்டு முறை எல்லை தாண்டி, முழுசாக வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். துறைமுகத்தில் பார்த்த படகுகளுக்கும் அப்படி ஒரு நாள் வர வேண்டும்.