வினா என்ன கேட்கிறது?

உயர்தர வகுப்பில் ஒரு பாடம் விளங்கவில்லை என்றால், நம் வீடுகளில் கிடைக்கும் முதல் அறிவுரை "இன்னொரு கிளாஸுக்குப் போ" என்பதுதான். உயிரியல் பிரிவில் கற்கும் எனக்கும் என் தோழியர் மூவருக்கும் அது அவ்வளவு இலகுவாக இருக்கவில்லை. வகுப்புகள் நடப்பது நகரத்தில். முடிந்து வீடு வந்து சேர இஷாவும் ஆகிவிடும். எங்களில் ஒருத்தியின் வாப்பாவால் மூன்றாவது பாடத்துக்கும் கட்டணம் செலுத்த முடியவில்லை. "கலைப்பிரிவுக்கு மாறினால் என்ன மகள்?" என்று அவளுடைய வீட்டில் பேச்சு எழுந்தது. கலைப்பிரிவு எந்த வகையிலும் குறைந்ததல்ல. ஆனால் அவள் விரும்பியது உயிரியலை.

ஆகவே பாடசாலை விட்டதும் ளுஹரைத் தொழுதுவிட்டு, நால்வரும் நூலகத்தில் ஒரு மணித்தியாலம் அமர்ந்து கடந்தகால வினாத்தாள்களைச் செய்யத் தொடங்கினோம். எங்களுக்குள் ஒரேயொரு விதிதான். பேனையை எடுக்கும் முன், வினா என்ன கேட்கிறது என்பதை ஒருத்தி தன் சொந்தச் சொற்களில் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லத் தொடங்கியதும் எங்கே தடுக்கிறது என்பது தெரிந்துவிடும். பல வேளைகளில் எங்களைத் தடுத்தது சூத்திரமல்ல, ஒரு சொல்.

பௌதிகவியலை எடுத்துக்கொள்வோம். அன்றாடப் பேச்சில் கதியும் வேகமும் ஒன்றுதான். பாடத்தில் வேகத்துக்குத் திசையும் உண்டு. வளைவில் ஒரே கதியில் திரும்பும் பஸ்ஸின் வேகம் மாறிக்கொண்டே இருக்கிறது. எனவே அதற்கு ஆர்முடுகலும் உண்டு. 'வேலை' என்பதும் அப்படித்தான். 50 கிலோகிராம் நெல் மூட்டையை 1 மீற்றர் உயர்த்தினால், ஈர்ப்பு ஆர்முடுகலை 10 என்று கொண்டால், அதன் மீது செய்யப்படும் வேலை 500 யூல். அதைச் சுமந்தபடி அசையாமல் நின்றால் மூட்டையின் மீது செய்யப்படும் வேலை பூச்சியம். இதை உம்மாவிடம் சொன்னபோது, "அப்போ மூட்டையோட நிக்கிறவனுக்குக் கூலி இல்லையா?" என்று கேட்டார். அவருடைய தசைகள் சக்தியைச் செலவிடுகின்றன, அதனால்தான் களைக்கிறார், ஆனால் மூட்டை இடம்பெயராததால் அந்தச் சக்தி மூட்டைக்குப் போகவில்லை என்று விளக்கினேன். உம்மா சிரித்தார். எனக்கோ அந்த அலகு முழுவதும் தெளிவாகிவிட்டது.

இரசாயனவியலில் எங்களை மறித்தவை 'வன்', 'செறிந்த' என்ற இரண்டு சொற்கள். வன்னமிலம் என்பது நீரில் முற்றாக அயனாக்கமடைவது. செறிந்த அமிலம் என்பது குறித்த கனவளவில் அதிக அளவு அமிலத்தைக் கொண்டது. ஆகவே ஐதான வன்னமிலமும் இருக்கலாம். ஒரே செறிவும் ஒரே கனவளவும் கொண்ட ஐதரோக்குளோரிக் அமிலத்தையும் அசற்றிக் அமிலத்தையும் முற்றாக நடுநிலையாக்க ஒரே அளவு சோடியம் ஐதரொட்சைட்டுத்தான் தேவை. மென்னமிலம் என்பதால் அதற்குக் குறைவாகப் போதும் என்று மனம் சொல்லும். வினாவோ அயனாக்கத்தைக் கேட்கவில்லை, மூல்களின் எண்ணிக்கையைக் கேட்கிறது. பீஎச் பெறுமானத்தைக் கேட்டால் மட்டும் இரண்டுக்கும் விடை வேறாகும்.

உயிரியலில் பிரச்சினை வேறு விதமானது. அங்கே தெரிந்ததையெல்லாம் எழுதிவிட ஆசை வரும். 'வேறுபடுத்துக' என்றால் வேறுபாடுகள் மட்டும் போதும். 'ஒப்பிடுக' என்றால் ஒற்றுமைகளும் வேண்டும். காழையும் உரியத்தையும் வேறுபடுத்தும்போது, முதிர்ந்த காழ்க்கலன் மூலகம் உயிரற்றது என்று ஒரு பக்கத்தில் எழுதினால், நெய்யரிக்குழாய் மூலகம் கரு இல்லாவிட்டாலும் உயிருள்ளது என்று மறுபக்கத்தில் வர வேண்டும். அங்கே அது உணவைக் கடத்துகிறது என்று எழுதினால், இரண்டு கூற்றுகளும் சரியாக இருந்தும் அது வேறுபாடாகாது.

வினாவைச் சொற்களில் சொல்வது சிறுபிள்ளைத்தனம் என்று யாராவது நினைக்கலாம். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி, அட்சரகணிதத்துக்கு அடித்தளமிட்ட தமது நூலை இன்றைய குறியீடுகள் எவையுமின்றி முழுக்கச் சொற்களாலேயே எழுதினார். வாரிசுரிமைப் பங்கீட்டுக் கணக்குகளுக்கு அதில் பெரும் பகுதியை ஒதுக்கினார். யாருக்கு என்ன சேர வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் அந்தக் கணக்குகளில் ஓர் அடிகூட வைக்க முடியாது.

எல்லாவற்றையும் நாங்களே தீர்த்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். நால்வருக்கும் விளங்காதவற்றை ஒரு கொப்பியில் குறித்து வைத்து ஆசிரியைகளிடம் கொண்டுபோனோம். "ஒன்றுமே விளங்கவில்லை டீச்சர்" என்பதற்குப் பதிலாக, "இந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் என்ன நடந்தது?" என்று கேட்க முடிந்தது. அப்படிக் கேட்டால் இடைவேளைக்குள்ளேயே விடை கிடைத்துவிடும்.

தோழி இன்னும் உயிரியல் பிரிவிலேயே இருக்கிறாள். பரீட்சை முடிவு அல்லாஹ்வின் நாட்டம். ஆனால் தன்னால் முடியாது என்று அவள் இப்போது சொல்வதில்லை. பெற்றோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பிள்ளை வீட்டுக்கு வந்ததும் எத்தனை புள்ளி என்று கேட்கும் முன், இன்று செய்த வினா என்ன கேட்டது என்று கேட்டுப் பாருங்கள். பாடம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை சொல்லி முடிக்கும் வரை காது கொடுத்தால் போதும்.