மாடிப்படியும் முதியோர் மன்றமும்

2025ஆம் ஆண்டுக் கோடையில் என் அத்தா ஐந்து நாட்கள் மருத்துவமனையில் இருந்தார்கள். வயது எழுபத்தெட்டு. சிறுநீரில் தொற்று, உடலில் நீர்ச்சத்தும் குறைந்துவிட்டது. மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, “பெரியவர் தண்ணீரே குடிப்பதில்லையா?” என்று கேட்டார். முக்கொம்புக்கு அருகே, காவிரிக் கரையில் ஜீயபுரத்தில் குடியிருக்கும் எங்களிடம் இப்படி ஒரு கேள்வி! நான் தலைகுனிந்து நின்றேன்.

அன்றிரவு அத்தாவிடமே கேட்டேன். முதலில் மழுப்பினார்கள். பிறகு மெல்லச் சொன்னார்கள்: “லுஹருக்குப் பிறகு தண்ணி குடிக்கிறதையே விட்டுட்டேன் தம்பி. மன்றத்துல இருக்கும்போது ஒண்ணுக்கு வந்தா என்ன செய்யறது? அங்கே குந்தினா எழுந்திரிக்க முடியலே. ஒரு நாள் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தேன். யாரையும் கூப்பிட வெட்கமா இருந்துச்சு.”

அத்தா சொன்ன அந்த மன்றம், மஹல்லாவின் பெரியவர்களுக்காக நாங்கள் சிலர் முயன்று ஏற்படுத்தியது. அதற்கு வீடு வீடாகச் சென்று வசூல் செய்தவர்களில் நானும் ஒருவன். திறப்பு விழாவில் பெற்றோரைப் பேணுவது பற்றி அரைமணி நேரம் பேசியவனும் நானே!

மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் அந்த மன்றத்தை முதன்முறையாக ஒரு முதியவரின் கண்கொண்டு பார்த்தேன். கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டால் வருமானம் கிடைக்குமென்று மன்றத்தை மாடியில் வைத்திருந்தோம். பதினெட்டுப் படிகள், பிடித்து ஏறக் கம்பியில்லை. மங்கலான ஒரு விளக்கு. எழ முயன்றால் பின்னுக்குச் சறுக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகள். தொலைக்காட்சியும் நாளிதழும் குறைவின்றி இருந்தன. ஆனால் திட்டமிட்ட நாளில், “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று ஒரு பெரியவரையும் நாங்கள் கேட்டதில்லை.

இத்தனைக்கும் நான் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறவன். முஆத் (ரலி) அவர்கள் இஷாத் தொழுகையில் நீண்ட சூராவை ஓதியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்துகொண்டதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். பின்னால் நிற்போரில் முதியவரும் பலவீனரும் தேவையுடையோரும் இருப்பதால் இமாம் தொழுகையைச் சுருக்க வேண்டும் என்பது அவர்கள் இட்ட கட்டளை. மார்க்கத்தின் தூணாகிய தொழுகையே முதியவரின் முழங்காலுக்காகச் சுருங்குகிறது. நாங்கள் கட்டிய படிகள் அவருக்காகத் தாழவில்லை! அந்த ஹதீஸ் இமாமுக்கு மட்டுமன்று, கட்டடம் கட்டுவோருக்கும் உரியதென்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, அறுபது வயதைக் கடந்தவர்கள் இந்தியாவில் ஏறத்தாழ 10.4 கோடிப் பேர். தமிழகத்தில் நூற்றில் பத்துப் பேருக்கும் மேல். பெற்றோரைக் கைவிடுவதைக் குற்றமாக்கி 2007ஆம் ஆண்டில் மத்திய அரசு சட்டமும் இயற்றியது. ஆனால் நம் மஹல்லாவின் முதியோரில் பலர் கைவிடப்பட்டவர்கள் அல்லர். சோறு உண்டு, மருந்து உண்டு. மகன் வளைகுடாவில், மருமகள் வேலையில், பேரப்பிள்ளைகள் பள்ளியில். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை பேச்சுக்கு ஆளில்லை, அவ்வளவே. இவர்களுக்கு வேண்டியது முதியோர் இல்லமன்று. பகலில் கூடியிருக்க ஓரிடம்.

கேரளத்தில் உள்ளாட்சி மன்றங்கள் ‘பகல் வீடு’ என்ற பெயரில் இத்தகைய இடங்களை ஏற்படுத்தின. தமிழக அரசும் 2025–26 நிதிநிலை அறிக்கையில் ‘அன்புச்சோலை’ என்னும் முதியோர் மையங்கள் இருபத்தைந்தை அறிவித்தது. 2025 நவம்பரில் நம் திருச்சியிலேயே அத்திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. பகலை அங்குக் கழித்து மாலையில் வீடு திரும்பும் முறை அது. நல்ல தொடக்கம்தான். எனினும் ஜீயபுரத்து முதியவர் ஒருவர் நாள்தோறும் கரூர் சாலையில் பேருந்தேறி மாநகருக்குப் போய்வர இயலுமா? நம் ஊருக்கு நாம்தான் வழி காண வேண்டும்.

வழி எங்கள் காலடியிலேயே இருந்தது. மதரஸாவின் கீழ்த்தள அறைக்குப் பிள்ளைகள் காலையிலும் மாலையிலும் மட்டுமே வருகிறார்கள். நடுப்பகலில் அது பூட்டித்தான் கிடக்கும். மன்றத்தை அங்கு மாற்றினோம். வாசற்படி ஓரடி உயரம். ஓரடிக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் அமைத்தோம். உட்கார்ந்து பயன்படுத்தும் கழிப்பறை, இருபுறமும் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, கைவைத்த மரநாற்காலிகள், வெளிச்சமான விளக்குகள். இவற்றுக்கான செலவு திறப்பு விழாவுக்கும் பிரியாணிக்கும் ஆனதைவிட அதிகமில்லை. ஓதவரும் மாணவர்களில் பெரியவர்கள் இருவர், வெளிநாட்டிலுள்ள மகனைக் கைப்பேசியில் முகம் பார்த்து அழைப்பது எப்படி, வங்கியின் பெயரால் ரகசிய எண் கேட்டு ஏமாற்றுவோரை அறிவது எப்படி என்று பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். உதவி வேண்டும் முதியோருக்கான 14567 என்னும் தொலைபேசி எண்ணையும் சுவரில் பெரிதாக எழுதிவைத்தோம்.

எல்லாம் முடிந்தது என்று மகிழ்ந்திருந்தபோது அம்மா ஒரு கேள்வி கேட்டார்கள். “உங்க அத்தாவுக்கு இடம் பண்ணிட்டீங்க. எங்களுக்கு?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கணவரை இழந்து, நான்கு சுவருக்குள் தஸ்பீஹ் மணியோடு பகலைக் கழிக்கும் தாய்மார்கள் எத்தனை பேர்! அவர்களை நாங்கள் எண்ணிப் பார்க்கவேயில்லை. இப்போது வாரத்தில் இரண்டு நாட்கள் அவ்வறை பெண்களுக்கு மட்டும் திறந்திருக்கிறது. இரண்டு நாட்கள் போதாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இதைப் படிக்கும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலும் முதியோருக்கென ஓர் அறை இருக்கலாம். அடுத்த ஜும்ஆவுக்குப் பின் ஒரு முதியவரின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே செல்லுங்கள். அவர் எங்கே தயங்கி நிற்கிறார் என்று பாருங்கள். பழுது பார்க்க வேண்டிய இடம் அதுவே.

எங்கள் மன்றத்தின் வாசலில் இப்போது ஒரு மண்பானை இருக்கிறது. அஸருக்கு முன் அத்தா அதிலிருந்து ஒரு குவளை நீரை பிஸ்மில்லாஹ் சொல்லி அருந்துவதை நாள்தோறும் பார்க்கிறேன். பெற்றோருக்குப் பணி செய்யும் நல்வாய்ப்பை, அவர்கள் நம்மோடு இருக்கும்போதே உணர்ந்துகொள்ள வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.