ஏரிக்கரையில் வீடு பார்த்த கதை

ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ்ப் பகுதியில் ஒன்பது வருடங்கள் வாடகைக்கு இருந்தோம். மாரியில் பனி கொட்டினால் யன்னல் மூடிப்போகும். "பகலோ இரவோ தெரியேல்லை, தம்பி" என்று அம்மா சொல்லத் தொடங்கிய பின்னர்தான் வீடு வாங்கும் எண்ணம் வலுத்தது. யாரைக் கேட்டாலும் "ஏஜக்சைப் பாருங்கோ" என்றார்கள். ஏரிக்கரை ஊர் என்று அறிந்ததும் அம்மா, "அப்ப நான் வரேல்லை" என்று சொல்லிவிட்டார். 2009 வைகாசியில் நந்திக்கடல் பக்கத்தால் வெளியேறி வந்தவர் அவர். அதன்பின் பெரிய தண்ணீரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இருந்தும் பார்த்துவிட்டு வருவோம் என்று புறப்பட்டோம். 401 நெடுஞ்சாலையில் கிழக்கே ரூஜ் ஆற்றையும் பிக்கரிங்கையும் தாண்டினால் ஏஜக்ஸ். ஒன்ராறியோ ஏரியின் வடகரையில் இருக்கிறது. 1941இல் இரண்டாம் உலகப் போருக்காக இங்கே எறிகணைகளுக்கு மருந்து நிரப்பும் தொழிற்சாலை ஒன்றை அமைத்தார்கள். சுமார் 9,000 பேர் வேலை செய்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். நிரப்பிய எறிகணைகள் 4 கோடிக்கு மேல். 1939 மார்கழியில் ஜேர்மனியரின் கிராப் ஸ்பே கப்பலுடன் மோதிய பிரித்தானியப் போர்க்கப்பலின் பெயரையே ஊருக்கும் வைத்தார்கள். அந்தக் கப்பற் பிரிவின் தளபதி பெயரில்தான் ஹார்வூட் வீதி. அந்நாளில் தொழிலாளருக்கென அவசரமாகக் கட்டிய சிறு வீடுகள் சில இன்றும் நிற்கின்றன.

எறிகணைக்குத் தப்பி வந்த நாங்கள் எறிகணை செய்த ஊரிலா வீடு வாங்குவது என்று எங்களுக்குள் ஒரு பேச்சு எழுந்தது. ஆனால் அந்தத் தொழிற்சாலை போருடன் முடிந்தது. 2021 கணக்கெடுப்பின்படி இங்கே 126,666 பேர் வாழ்கிறார்கள். எங்களைப்போல் வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள் நிறைய.

முகவர் முதலில் காட்டிய வீட்டுக்கு "ஏரிக்குக் கிட்ட" என்று சொல்லியே விலை கூடுதலாக இருந்தது. நாங்கள் இறங்கி நடந்து பார்த்தோம். ஏஜக்சில் ஏரிக்கரையின் பெரும்பகுதி பொதுப் பூங்காவாக விடப்பட்டிருக்கிறது. பத்து நிமிடம் நடந்து போகிறவருக்கும் அரை மணித்தியாலம் நடந்து போகிறவருக்கும் அதே கரை, அதே காற்று. அதற்காக ஏன் கூடுதலாகக் கடன்பட வேண்டும்? சற்று வடக்கே தள்ளி, ஒரு பழைய வரிசை வீட்டைப் பார்த்தோம்.

ஏரியைவிட வேலைக்குப் போகும் வழி முக்கியம். நகரின் நடுவில் அலுவலக வேலை செய்வோருக்குக் கோ ரயில் இருக்கிறது. எங்கள் தொழிற்சாலைக்கு ரயில் போகாது. ஆகவே ஒரு வேலை நாளில், விடிய ஐந்தரைக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து தொழிற்சாலைவரை காரை ஓட்டிப் பார்த்தோம். பின்னேரம் வேலை விடும் நேரத்தில் திரும்பியும் ஓட்டினோம். காலையில் ஓடிய நேரத்தின் இரு மடங்கு பிடித்தது. இன்னும் கிழக்கே போமன்வில்லில் அதே விலைக்குப் பெரிய வீடு கிடைத்தது. ஆனால் போக அரை மணி, வர அரை மணி கூடினால் ஐந்து நாளில் ஐந்து மணித்தியாலம் பிள்ளைகளிடமிருந்து போய்விடும். அதை வேண்டாமென்று விட்டோம்.

இனிப் பணக் கணக்கு. முதல் 500,000 டொலருக்கு 5 வீதம், அதற்கு மேற்பட்ட பகுதிக்கு 10 வீதம் முற்பணம் வேண்டும். 700,000 டொலர் வீட்டுக்கு 25,000உம் 20,000உமாக 45,000 டொலர். மொத்த விலையில் 20 வீதத்துக்குக் குறைவாகக் கட்டினால் கடன் காப்புறுதியும் சேரும். ரொறன்ரோ நகருக்குள் வாங்கினால் மாகாணத்தின் காணி மாற்று வரியுடன் நகரத்தின் வரியும் உண்டு. ஏஜக்சில் மாகாண வரி மட்டுமே. முதல் வீடு வாங்குவோருக்கு அதிலும் 4,000 டொலர்வரை கழிவு கிடைக்கும். எங்கள் முற்பணத்தில் பாதி சீட்டுக் கட்டி எடுத்தது, மீதி ஓவர்ரைம்.

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் 2022 மாசியில், விலை உச்சத்தில் நின்றபோது, கடன் நிபந்தனையும் பரிசோதனை நிபந்தனையும் இல்லாமல் கையெழுத்து வைத்தது. வீடு கைமாறும் நாளுக்குள் விலை இறங்க, வங்கி குறைவாக மதிப்பிட்டது. மிச்சப் பணம் புரளவில்லை. வைப்புப் பணம் போய்விட்டது. அந்த வருடம் பங்குனியில் கனடா மத்திய வங்கியின் வட்டி வீதம் 0.25 ஆக இருந்து ஏறத் தொடங்கி, 2023 ஆடியில் 5 வீதமானது. எங்கள் முகவரும் "நிபந்தனையை விடுங்கோ அண்ணை, இல்லாட்டி வீடு போயிடும்" என்றார். விடவில்லை. இரண்டு வீடுகள் போயின. மூன்றாவதில் பரிசோதகர் நிலக்கீழ்ச் சுவரில் நீர்க் கசிவைக் கண்டுபிடித்தார். அதைக் காட்டி விலையைக் குறைத்து வாங்கினோம்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. பக்கத்து ஊரான பிக்கரிங்கில் அணுமின் நிலையம் இருக்கிறது. 2015இல் சுற்றிலும் 10 கிலோமீற்றருக்குள் உள்ள வீடுகளுக்கு அயடீன் குளிசைகள் கொடுத்தார்கள். எங்கள் வீட்டிலும் அந்தப் பெட்டி மருந்துத் தட்டில் இருக்கிறது.

அம்மாவுக்கு யன்னல் உள்ள மேலறையைக் கொடுத்தோம். முதல் கோடை முழுவதும் அவர் ஏரிப்பக்கம் வரவில்லை. இரண்டாம் கோடையில் பேரப்பிள்ளை கையைப் பிடித்து இழுக்க ஒருநாள் வந்தார். நீண்ட நேரம் நின்றுவிட்டுக் குனிந்து தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்பில்லை" என்றார். வேறொன்றும் பேசவில்லை. இப்போது வருகிறார், ஆனால் வாங்கில் தண்ணீருக்கு முதுகு காட்டித்தான் இருப்பார், பிள்ளைகள் பட்டம் விடுவதைப் பார்த்தபடி.

அந்தப் பக்கம் வீடு பார்க்க வரும் எம்மவர்கள் ஞாயிறு பின்னேரத்தில் ஹார்வூட் வீதியின் தென்முனைக்கு வாருங்கள். அங்கேதான் நிற்போம். கணக்குக் கொப்பியையும் கொண்டு வாருங்கள், சேர்ந்திருந்து பார்க்கலாம்.