மோப்பம்

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திருவண்ணாமலைக்குப் போவதென்றால் எனக்குச் சற்று அச்சம்தான். (கிரிவலத் திருவண்ணாமலை அல்ல, ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்து, ஸ்ரீநிவாசப் பெருமாள் குன்றின்மேல் நிற்கும் எங்கள் திருவண்ணாமலை.) கூட்டத்தோடு படியேறுகையில் துளசியும் கற்பூரமும் மட்டுமா வருகின்றன? முன்னால் போகிறவர் காலையில் தின்ற வெங்காயம், பின்னால் வருபவரின் சட்டையில் காயாத ஈரம், யாரோ மடியில் முடிந்திருக்கும் மூக்குப்பொடி, எல்லாம் தனித்தனியே வந்து மோதும். பாதிப் படியிலேயே தலைவலி தொடங்கிவிடும்.

சிறுவயதில், விருந்துக்குப் போன வீட்டில் நெய் சிக்கு வாடை அடிக்கிறது என்று சொல்லி அம்மாவிடம் அடி வாங்கினேன். "தெரிஞ்சாலும் வாய மூடிக்கிட்டு இரு" என்பது அன்றைய உபதேசம். பள்ளியில் 'ராஜபாளையம்' என்று பட்டப்பெயர். அந்த நாய் மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடுவது என்பதைப் பெயர் வைத்தவர்கள் அறியார்கள்.

சில ஆண்டுகளுக்குமுன், ஒரு புரட்டாசியில், அம்மாவின் மூச்சில் அளவுக்குமீறிக் கனிந்த பழத்தின் வாடை வந்தது. சோர்ந்திருந்தாள், கேட்டால் விரதம் என்றாள். வாடையைப் பற்றி இரண்டு நாள் நான் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. உணவோடு சேர்த்து இன்சுலினையும் நிறுத்தியிருந்தாள். இன்சுலின் போதாதபோது உடல் கொழுப்பை எரிக்கிறது. இரத்தத்தில் கீட்டோன்கள் பெருகுகின்றன. அவற்றுள் ஒன்றான அசிட்டோன் மூச்சோடு வெளியேறுகிறது. மருத்துவர் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பிழைத்துக்கொண்டாள்.

ஸ்காட்லாந்தின் ஜாய் மில்னைப் பற்றிப் பின்னர்தான் படித்தேன். கணவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர்மீது வாடை மாறியதை உணர்ந்தவர். பிற்பாடு ஆய்வாளர்கள் 12 பேர் அணிந்த சட்டைகளை முகரக் கொடுத்தார்கள். நோயுள்ள 6 பேரையும் சரியாகச் சொன்னார். நோயற்ற ஒருவரையும் கூடவே சேர்த்தார். சில மாதங்களில் அந்த ஒருவருக்கும் நோய் உறுதியானது. 2019-இல், சருமத்தின் எண்ணெய்ப்பசையில் அந்த வாடையோடு தொடர்புடைய சேர்மங்களை மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தினர் கண்டறிந்து வெளியிட்டனர். எனக்கோ வேறொன்றுதான் தைத்தது. அந்த அம்மையார் சரியாகக் குளிக்கவில்லை என்றாவது கணவரிடம் குறை சொன்னார். நான் அதுகூடச் சொல்லவில்லை.

கண்ணனின் வாய்மணம் எப்படியென்று சங்கிடம் கேட்டவள் எங்களூர் ஆண்டாள். அம்மா என்னிடம் கேட்கிறாள். தினமும் காப்பிக்குமுன் அருகில் வந்து முகத்தில் ஊதுகிறாள். சர்க்கரை பார்க்கும் கருவி அலமாரியில் இருக்கிறதே என்றால், "மொதல்ல நீ சொல்லு, பெறகு குத்திப் பாத்துக்கிறேன்" என்கிறாள்.